புரைதாவுக்குப் போகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விளம்பரங்கள் வரும் பக்கத்தை எங்கள் ஊரில் அரசியல் பக்கத்தைவிடக் கவனமாக வாசிக்கிறார்கள். சம்பளம் எத்தனை ரியால், வயதெல்லை என்ன, உணவும் தங்குமிடமும் உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். போய் இறங்கப்போகும் ஊர் எப்படிப்பட்டது என்பது மட்டும் ஒருநாளும் இருப்பதில்லை. சவூதி அரேபியாவின் கஸீம் மாகாணத் தலைநகரான புரைதாவிலும் அதைச் சூழ்ந்த பேரீச்சந் தோட்டங்களிலும் 2012 முதல் 2021 வரை நீரிறைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். கடந்த சில மாதங்களில் வட்டக்கச்சியிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் ஐந்தாறு பேர் எனது வீட்டுத் திண்ணையில் வந்திருந்து அந்த ஊரைப் பற்றி விசாரித்துச் சென்றதால், அவர்களுக்குச் சொன்னவற்றை எழுத்திலும் வைப்பது நல்லது என்று தோன்றியது.

அவர்கள் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. தொழுகை நேரத்தில் தெருவில் நின்றால் அடிப்பார்களா, சுவாமிப் படம் கொண்டுபோனால் சிறையா, நோன்பு மாதத்தில் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும் என்றே எல்லோரும் கேட்டார்கள். குளிருக்கு என்ன உடுப்புக் கொண்டுபோவது என்றோ, விசாவில் எந்தத் தொழில் எழுதப்பட்டிருக்கிறது என்றோ ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஊரின் கட்டுப்பாடுகள் வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் ஆளை வீழ்த்துபவை வெயில், குளிர், கடதாசி, கடன் ஆகிய நான்குமே என்பது எனது அனுபவம்.

முதலில் ஊரைச் சொல்கிறேன். புரைதா, தலைநகர் ரியாத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 350 கிலோமீற்றர் தொலைவில், வாதி அர்-ருமா என்ற மிக நீண்ட வறண்ட ஆற்றுப்படுகையின் அருகே, கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பெரிய நகரம். அகன்ற வீதிகளும் பல்கலைக்கழகமும் பேரங்காடிகளும் உண்டு. 2017 முதல் ரியாத்திலிருந்து ரயிலிலும் போகலாம். பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும் மட்டும் என்று நினைத்துப் போகிறவர்கள், நகருக்கு வெளியே வரிசை வரிசையாக நிற்கும் பேரீச்சைகளைக் கண்டு திகைப்பார்கள். ஆண்டுக்கு 100 முதல் 150 மில்லிமீற்றர் மழை பெய்தாலே அங்கே நல்ல வருடம். எங்களுக்கு மாரியில் சில நாட்களில் பெய்துவிடும் மழை அது. இவ்வளவு பச்சையும் நிலத்தின் ஆழத்தில் உள்ள ‘சாக்’ என்ற மணற்கல் படுகையிலிருந்து இறைத்த பழைய நீரால் வந்தது. 1980களில் அரசு மானியம் கொடுத்து அந்த நீரைக் கோதுமைக்குப் பாய்ச்சி, உலகுக்கே கோதுமை ஏற்றுமதி செய்யுமளவுக்குப் போய், நிலத்தடி நீர் இறங்குவதைக் கண்டபின் 2008 இல் கோதுமைச் செய்கையைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தார்கள். இரணைமடுக் குளத்தின் துருசு (மதகு) திறக்கும் நாளுக்காகக் கூட்டம் கூடிச் சண்டை பிடித்துப் பழகிய எனக்கு, மழையால் ஒருநாளும் நிரம்பாத குளமொன்றை நிலத்துக்கடியில் வைத்து வெட்டி எடுப்பதுபோல் அந்த வேலை தோன்றியதுண்டு.

சவூதிக்குள்ளேயே கட்டுப்பாடான ஊர் என்று பெயரெடுத்த நகரம் இது. 1963 இல் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கப் பாடசாலை திறந்தபோது ஊர்ப் பெரியவர்கள் எதிர்த்துத் திரண்டு, அரசு படையனுப்ப வேண்டி வந்தது. இன்று அதே மாகாணத்தின் கஸீம் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். ஊர் மாறாமல் இல்லை, ஆனால் தன் வேகத்தில் மாறுகிறது. இதைப் புதிதாகப் போகிறவர் விளங்கிக்கொள்ள வேண்டியதற்குக் காரணம், சட்டம் ஓரிடத்திலும் வழக்கம் இன்னோரிடத்திலும் நிற்பதுதான். மதக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரம் 2016 இல் எடுக்கப்பட்டுவிட்டது; பெண்கள் 2018 ஜூன் முதல் வாகனம் ஓட்டுகிறார்கள்; உணவகங்களில் ஆண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனி வாசல் இருக்கவேண்டும் என்ற விதி 2019 இன் கடைசியில் நீங்கியது; தொழுகை நேரத்திலும் கடை திறந்திருக்கலாம் என்று 2021 இல் அறிவித்தார்கள். ஜித்தாவில் இவை எல்லாம் கண்முன்னே தெரியும். புரைதாவிலோ சிறு கடைக்காரர்கள் பலர் நான் திரும்பும் வரையிலும் பாங்கு சொன்னதும் கதவை இழுத்துவிட்டார்கள். பழைய உணவகங்களில் குடும்பப் பகுதி குடும்பப் பகுதியாகவே இருந்தது. ‘இப்போது தடையில்லையாமே’ என்று அங்கே போய் வாதாடுகிறவர் சட்டப்படி சரியாகவும் ஊர்ப்படி பிழையாகவும் இருப்பார்.

எங்களுக்கு இது புதிதல்ல. கோயிலில் கொடியேறிவிட்டால் வீட்டில் மீன் காய்ச்சாதவர்கள் நாங்கள். வற்றாப்பளை அம்மனின் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் நாட்களில் அந்த வீதியில் வெளியூரான் ஒருவன் குடித்துவிட்டுக் கூத்தடித்தால் அவனுக்கு நாங்கள் சட்டப் புத்தகத்தையா காட்டுவோம்? நோன்பு மாதத்தையும் தொழுகை நேரத்தையும் அந்தக் கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். தொழுகை நேரத்தில் முஸ்லிம் அல்லாதவர் தொழ வேண்டியதில்லை. பள்ளிவாசல் வாசலில் நின்று உரத்துக் கதைக்காமலும் வாகனத்தில் பாட்டுப் போடாமலும் இருந்தால் போதும். நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் கூடாது. இதில் விளையாட வேண்டாம், மீறும் வெளிநாட்டவரை நாடுகடத்தலாம் என்று அரசே முன்னர் எச்சரித்திருக்கிறது. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிப்பதை ஒருவரும் தேடி வந்து பார்ப்பதில்லை.

ஊரின் நாள் எங்கள் நாள்போல் ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நண்பகலிலிருந்து பின்னேரம் நான்கு மணிவரை கோடையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்; உயிர் வருவது இஷா எனப்படும் இரவுத் தொழுகைக்குப் பின்னர்தான். சாமான் வாங்கவும் தலைமயிர் வெட்டவும் அந்த நேரத்தையே வைத்துக்கொள்ள வேண்டும். வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி முற்பகலில் ஊருக்குள் ஒரு வேலையும் ஆகாது. ‘பக்காலா’ எனப்படும் சில்லறைக் கடைகள் பலவற்றில் வேலை செய்வோர் கேரளத்தவரும் வங்கதேசத்தவரும் என்பதால், தமிழும் கொஞ்சம் மலையாளமும் கலந்து பேசியே குத்தரிசியும் தேங்காயும் வாங்கிவிடலாம். புட்டுக்கு அரிசிமா கிடைக்கும். எங்கள் மிளகாய்த்தூள் கிடைக்காது. அதை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

உடுப்பைப் பற்றி ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேற்சட்டையில்லாமல் சந்திக் கடைக்குப் போகும் பழக்கத்தைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிட வேண்டும். பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு 2019 இல் தனி ஒழுங்குவிதி வந்திருக்கிறது. படுக்கை உடுப்போடு வெளியே வருவதற்கும், துப்புவதற்கும், அனுமதியின்றி மற்றவரைப் படமெடுப்பதற்கும் தண்டப்பணம் உண்டு. படமெடுக்கும் விடயத்தில் எங்கள் இளைஞர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தெருவைக் காட்டுவதாக நினைத்து எடுத்த காணொளியில் ஒரு குடும்பத்துப் பெண்கள் விழுந்துவிட்டால், முகம் மூடியிருந்தாலும் அது பெரிய விவகாரம்.

வழிபாட்டைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் கோயிலோ தேவாலயமோ கிடையாது. பகிரங்க வழிபாட்டுக்கு அனுமதியும் இல்லை. தனிப்பட்ட முறையில் அறைக்குள் கும்பிடுவதை அரசு தடுப்பதில்லை என்பதே அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. எனது பெட்டியில் சிறு திருநீற்றுப் பையும் உள்ளங்கையளவு பிள்ளையார் படமும் ஒன்பது வருடமும் இருந்தன. நெற்றியில் பூசிக்கொண்டு வேலைக்குப் போனதில்லை. பத்துப்பேரைக் கூட்டிப் பஜனை வைத்ததும் இல்லை. மக்கா நகருக்குள்ளும் மதீனாவின் மையப் பகுதிக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர் போகக்கூடாது என்பதால், சாரதி வேலைக்குப் போகிறவர்கள் மதீனாப் பக்கம் ஓடும்போது வழிகாட்டிப் பலகையைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

கஸீம்காரர்களின் விருந்தோம்பலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். தோட்டத்துக்குப் போய் இயந்திரத்தைத் திறக்க முன்னரே கஹ்வா வந்துவிடும்: ஏலக்காய் மணக்கும் வெளிறிய கோப்பி, கைப்பிடியில்லாத சின்னஞ்சிறு கிண்ணத்தில், பக்கத்தில் பேரீச்சம்பழம். வலக்கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். வாயால் ‘போதும்’ என்றால் மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். எனது முதல் நாளில் இது தெரியாமல் பதினொரு கிண்ணம் குடித்து அன்றிரவு நித்திரையில்லாமல் கிடந்தேன். ‘குளைஜா’ என்ற வட்டமான, உள்ளே இனிப்பு வைத்த பணியாரம் அந்த ஊரின் பெருமை. சமையற் கலைக்காக 2021 இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் புரைதா சேர்க்கப்பட்டதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நிலத்தில் இருந்து உண்ணும்போது உள்ளங்காலை எதிரே இருப்பவருக்குக் காட்டி நீட்டாதீர்கள். வீட்டுக்காரரிடம் ‘குடும்பம் சுகமா’ என்று கேட்கலாம், மனைவியைக் குறிப்பிட்டுக் கேட்கக்கூடாது. அவருடைய பிள்ளையையோ வாகனத்தையோ ஆட்டுக்குட்டியையோ புகழ்ந்தால் கூடவே ‘மாஷா அல்லா’ என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மாமார் நாவூறு கழிப்பதற்கு அவர்களிடம் உள்ள முற்காப்பு அது. அந்த மாகாணத்து ஆட்களே ஒருகாலத்தில் ‘உகைலாத்’ என்ற பெயரில் ஒட்டகக் கூட்டங்களோடு ஈராக், சிரியா, எகிப்து வரை மாதக்கணக்கில் வணிகத்துக்குப் போய் வந்தவர்கள். வீட்டை விட்டுப் பிழைக்கப் போவதென்றால் என்னவென்று அங்கத்தைய கிழவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி நான் உண்மையில் பயப்படச் சொல்பவை.

வெயிலை எல்லோரும் எதிர்பார்த்தே போகிறார்கள், ஆனால் எங்கள் வெயிலை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் கிளிநொச்சியில் வியர்த்து வழிவதால் உடம்பு எச்சரிக்கை தந்துவிடும். புரைதாவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை 43, 45 பாகை, சில நாட்களில் அதற்கும் மேல். காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலிலேயே காய்ந்துவிடும், வியர்க்கவில்லையென்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவார்கள். தாகம் வரும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். சிறுநீரின் நிறம் தேயிலைச் சாயம்போல் மாறினால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போக வேண்டும். ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்குவதை அந்நாட்டு விதி தடை செய்திருக்கிறது. கூரைத் தொட்டியின் நீர் மத்தியானத்தில் கொதிநீராகிவிடும் என்பதால் குளிப்பதற்கு இரவிலேயே வாளியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதற்குக் குழாய் நீர் வேண்டாம், சுத்திகரித்த நீர் விற்கும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு.

குளிரைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை நான்கைந்து பாகைக்கு இறங்கும். சில விடியற்காலைகளில் உறைநிலையைத் தொடும். பனி பெய்யும் தை மாதத்தில் எங்கள் வயல் காவற்கொட்டிலில் போர்த்திக்கொள்ளும் சேலைத் துண்டு அங்கே ஒன்றுக்கும் உதவாது. தோட்டத்தில் தகரக் கொட்டிலில் படுக்கிறவர்கள் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். அந்தப் புகைக்கு மணமும் இல்லை, அது ஆளை எழுப்புவதும் இல்லை. இளவேனிலில் வரும் புழுதிப் புயலுக்கு ஈரத் துணியும் முகமூடியும் போதும், ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் பயணத்துக்கு முன்னரே வைத்தியரோடு கதைத்துவிட வேண்டும். மழை அருமையாகப் பெய்தாலும் வாதியின் மணற்படுகையில் வாகனத்தை நிறுத்திப் படுக்க வேண்டாம்; வானம் வெளித்திருக்கும்போதே எங்கேயோ பெய்த வெள்ளம் வந்துசேரும்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. பனையைப் போலவே பேரீச்சையிலும் ஆணும் பெண்ணும் வேறு மரங்கள். பனைக்கு நாங்கள் ஒன்றும் செய்வதில்லை, அங்கே மாசி, பங்குனியில் ஆண்பாளையின் இழைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெண்மரத்திலும் ஏறிப் பூவுக்குள் செருக வேண்டும். தளைநாரில் கால் கோத்து ஏறிப் பழகியவர்களுக்கும் முதல் வாரம் கடினம்தான். அங்கே முதுகைச் சுற்றிய வாரில் சாய்ந்தே ஏறுகிறார்கள், மட்டையின் அடியில் விரல் நீள முள்ளும் இருக்கும். முள் ஏறினால் உள்ளே முறிந்து சீழ்பிடிக்கும் என்பதால் வைத்தியம் பார்க்காமல் விடக்கூடாது. அறுவடையும் ஓகஸ்ட் சந்தையும் சேர்ந்து வரும் வாரங்களில் நித்திரையே கிடையாது. விடியமுன் வாகனங்கள் வரிசைகட்டி நிற்க, ஏலம் கூறுகிறவர் ஒவ்வொரு வாகனமாக ஏறி ‘சுக்கரி’ என்ற பேரீச்சம்பழ இனத்தின் பெட்டிகளுக்கு விலை கூப்பிடும் அந்தச் சந்தை, உலகின் பெரிய பேரீச்சைச் சந்தைகளில் ஒன்று, விடுப்புக் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள்.

கடதாசி விடயத்தில் எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். நீரிறைக்கும் இயந்திர வேலை என்று சொல்லி என்னை அனுப்பிய உப முகவர் விசாவில் என்ன தொழில் எழுதப்பட்டிருந்தது என்பதைச் சொல்லவில்லை. எனக்கு அறபு வாசிக்கத் தெரியாது. போய் இரண்டு மாதம் கழித்து, அக்கரைப்பற்றைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அதை வாசித்துவிட்டு, ‘அண்ணன், இதில் உங்களை ஆட்டிடையன் என்று போட்டிருக்கிறார்கள்’ என்றார். சிரித்துவிட்டு விடக்கூடிய விடயமல்ல அது. இடையர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், வீட்டுப் பணியாளர் ஆகியோருக்கு அந்நாட்டுத் தொழிற் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. கபீலின், அதாவது விசா கொடுத்து அழைத்த பொறுப்பாளரின், சம்மதமில்லாமல் வேறு தொழில் வழங்குநரிடம் மாறலாம் என்று 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தமும் அவர்களுக்கு வரவில்லை. சட்டம் பொருந்துகிற தொழிலாளிக்கு நாளுக்கு எட்டு மணி நேரம், மேலதிக வேலைக்கு ஒன்றரை மடங்கு, முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளமும் அதன் பின்னர் ஒரு மாதச் சம்பளமுமாகச் சேவைக்காலப் பணம் என எல்லாம் எழுத்தில் உண்டு. விசாத் தாளில் உள்ள அந்த ஒற்றை அறபுச் சொல் இவ்வளவையும் தீர்மானிக்கிறது. ஆகவே விமானம் ஏற முன்னர், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ அறபு தெரிந்த மௌலவி ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டி வாசிப்பித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரத்து வேலை.

போய்ச் சேர்ந்து 90 நாட்களுக்குள் தொழில் வழங்குநர் ‘இக்காமா’ என்ற வதிவிட அனுமதி அட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். சட்டத்துக்குட்பட்ட தொழிலாளியிடமிருந்து அதற்கான கட்டணத்தையோ வேலை அனுமதிக் கட்டணத்தையோ அறவிட முடியாது. கடவுச்சீட்டைத் தொழிலாளியிடமிருந்து வாங்கி வைத்திருப்பது அங்கேயே சட்டவிரோதம். பலர் வாங்கி வைத்திருக்கத்தான் செய்கிறார்கள் என்பதால், கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்களைக் கைத்தொலைபேசியில் வைத்திருப்பதோடு வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிட்டே புறப்படுங்கள். சம்பளம் வராத கோபத்தில் வேலையிடத்தை விட்டு ஓடி வெளிவேலை பார்ப்பதுதான் எங்கள் ஆட்கள் செய்யும் ஆகப்பெரிய பிழை. ஓடியவன் மீது ‘ஹுரூப்’ என்ற முறைப்பாடு பதிவானதும் குற்றம் செய்தவன் நீங்களாகிவிடுகிறீர்கள், சம்பளப் பாக்கி கேட்கும் வாயும் அடைபட்டுப்போகிறது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு, அல்லது ரியாத்தில் உள்ள இலங்கைத் தூதரகம் என்பதே சரியான பாதை. அது மெதுவான பாதை என்பதையும் மறைக்க மாட்டேன். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போனவர்களின் குடும்பம் இங்கிருந்தே 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பதிவில்லாமல் போனவருக்காகக் கதவு தட்டுவது எவ்வளவு கடினம் என்பதைப் பிரதேச செயலக வாசலில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்களின் நிலை வேறு. வீட்டுக்குள்ளேயே நாள் முழுவதும் கழிவதால் நான் மேலே எழுதிய நகரத்தின் பெரும்பகுதியை அவர்கள் காண்பதே இல்லை. பக்கத்து நகரான உனைஸாவில் நான்கு வருடம் வேலை செய்த, எனக்குத் தங்கை முறையான ஒருவர் சொன்னவற்றையே இங்கு தருகிறேன். அபாயா அணிவது சட்டப்படி கட்டாயமில்லை என்று 2018 இலேயே பட்டத்து இளவரசர் சொல்லியிருந்தாலும், அந்த ஊர்களில் அதில்லாமல் வெளியே இறங்குவதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம். கறுப்புத் துப்பட்டா ஒன்றும் கையில் இருக்கட்டும். வீட்டு அம்மாவிடம் முதல் வாரத்திலேயே தனது படுக்கை எங்கே, கதவுக்கு உட்பூட்டு உண்டா, தொலைபேசி எந்த நேரம் தன்னிடம் இருக்கும் என்ற மூன்றையும் பேசித் தீர்க்க வேண்டும். ‘கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட ஒவ்வொன்றும் பிறகு அழுது கேட்க வேண்டி வந்தது, அண்ணா’ என்பது அவருடைய வார்த்தை. குழந்தை பராமரிப்பில் அனுபவமில்லாத இளம் பெண்ணிடம் கைக்குழந்தையை ஒப்படைத்தால் என்ன நேரலாம் என்பதை, தன் பராமரிப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காகச் சவூதியில் மூதூரின் ரிசானா நபீக் 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்ட நாளில் இந்த நாடே அறிந்தது. அனுபவமில்லாத வேலையை ‘செய்வேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று எங்கள் மாதர் சங்கங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பயணப் பெட்டியில் இரண்டு விடயங்கள் ஆளைக் கொல்லும். கசகசா அங்கே போதைப்பொருள். எங்கள் வீட்டுச் சரக்குத்தூளில் அது கலந்திருக்கிறதா என்று அரைத்தவரிடம் கேட்டே கொண்டுபோங்கள். ட்ரமடோல் போன்ற வலி மருந்துகளுக்கும் நரம்பு மருந்துகள் சிலவற்றுக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு. போரில் பட்ட காயத்துக்காக நீண்டகாலம் மருந்தெடுப்போர் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர் என்பதால் இதைத் தனியே எழுதுகிறேன், வைத்தியரின் கடிதமும் முன்னனுமதியும் இல்லாமல் ஒரு வில்லைகூடக் கொண்டுபோக வேண்டாம். இரண்டாவது, விமான நிலையத்தில் யாரோ தரும் பார்சல். போதைப்பொருள் கடத்தலுக்கு அந்நாட்டில் மரணதண்டனை உண்டு. ஊரவர், உறவினர், கோயில் ஐயா என்று யார் தந்தாலும் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

கடனைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. நுண்கடன் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பதால்தான் பலர் புறப்படுகிறார்கள் என்பது தெரியும். முதல் மூன்று மாதம் சம்பளம் ஒழுங்காக வராது என்று வைத்தே தவணைக் கணக்கைப் போட வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். வங்கிக்கு வெளியே ஆள்வழி பணம் அனுப்பும் உண்டியலில் நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று போனவர்கள், பணமும் போய், வழக்கும் வந்து, எங்கிருந்து வந்த பணம் என்று சொல்ல ஒரு துண்டுமில்லாமல் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

சொல்லக் கூசினாலும் சொல்ல வேண்டியது ஒன்று. அந்த நாட்டில் உடலைத் தகனம் செய்ய முடியாது. அங்கே இறப்பவர் சைவராயின் உடல் ஊருக்கு வர வேண்டும், அல்லது முஸ்லிம் அல்லாதோருக்கான மயானத்தில் புதைக்கப்பட வேண்டும். ஊருக்கு வருவதற்குப் பல கடதாசிகளில் உரித்துள்ள உறவினரின் கையொப்பம் தேவைப்படும். மனைவியின் பெயர் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் பதிவுச் சான்றிதழில் இன்னொருவிதமாகவும் இருந்ததால், பக்கத்துத் தோட்டத்தில் இறந்த ஒருவரின் உடல் வாரக்கணக்காகப் பிணவறையில் கிடந்தது. போரில் ஆவணங்களைத் தொலைத்து மீள எடுத்த எங்கள் ஆட்களிடையே இந்தப் பெயர்க்குழப்பம் சாதாரணம். திருத்துவதற்குரிய இடம் கிளிநொச்சி, திருத்துவதற்குரிய காலம் போக முன்னர்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. அந்த விளம்பரப் பக்கத்தின் ஒரு மூலையில், வாரமொரு ஊர் என்று எடுத்து, அங்கே இருந்து திரும்பியவர்களைக் கொண்டே இப்படி நாலு பந்தி எழுதுவித்தால் போதும். தமாமுக்கும் தோஹாவுக்கும் அல்-ஐனுக்கும் போய் வந்தவர்கள் முழங்காவிலிலும் ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் இருக்கிறார்கள், கேட்பாரில்லாததால் பேசாதிருக்கிறார்கள். பணியகத்தின் இலக்கத்தையும், சவூதியில் அம்புலன்சுக்கு அழைக்கும் 997 என்ற இலக்கத்தையும் அந்தப் பந்தியின் கீழ் பெரிய எழுத்தில் போட்டால், வெட்டி எடுத்துக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொள்வார்கள்.

சென்ற கிழமை புரைதாவுக்குப் புறப்பட்ட தம்பி ஒருவருக்கு, நான் ஒன்பது குளிர்காலம் போட்ட கம்பளி ஜக்கெற்றைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்துவிட்டேன். பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு இது எதற்கு என்று அவருடைய தாயார் அதைப் பெட்டியிலிருந்து இரண்டு முறை எடுத்து வெளியே வைத்தார். மூன்றாம் முறை நானே வைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

இங்ஙனம்,
முன்னாள் பண்ணைத் தொழிலாளி ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.